ஊசி ஏறும் நேரத்தில் ஒரு மைக்கறை

இடது கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே, வலது கையால் ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டிலிருந்து எட்டு மாதத்து மைக்கறையை, உள்ளங்கை அகலக் கறையை, இருந்த இடம் தெரியாமல் எடுத்தவள் இந்த உலகத்தில் ஒருத்திதான். அவள் கறைக்கண்ணி. நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். சலவைக்கூடத்தில் பன்னிரண்டு பேரும் அன்றைக்கு அப்படித்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பெயர் சும்மா வரவில்லை. மூன்று ஓட்டல்களின் விரிப்புகளும் துண்டுகளும் வந்து குவியும் அந்தக் கூடத்தில், மூட்டையை அவிழ்க்கும் முன்பே உள்ளே எத்தனை காபிக் கறை, எத்தனை உதட்டுச்சாயம் என்று சொல்லிவிடுவாள். ஆனால் ஊசி என்றால் ஆள் காலி. பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வந்தபோது தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டவள். அந்தத் தொட்டி, அவளுடைய நாத்தனார் கதை சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஒரு மாடி வளரும். இப்போதைய நிலவரப்படி ஏழு மாடி.

நாத்தனார் வேறு யாருமில்லை, அதே கூடத்தில் மடிப்பு மேசையில் நிற்பவள். அண்ணி கல்யாணமாகி வந்த பன்னிரண்டு வருஷத்தில் அவளை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. அவளைவிட்டு ஒரு நாள் இருந்ததுமில்லை.

முப்பத்து நான்கு வயதில், எதிர்த் தெரு மருத்துவமனையில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டாள் கறைக்கண்ணி. அந்த இடத்தில் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடிய ஹெச்.பி.வி. வைரஸ் இருக்கிறது என்று வந்தது. மேற்கொண்டு பார்த்ததில் செல்கள் நன்றாகத்தான் இருந்தன. டாக்டரம்மா தடுப்பூசியைப் பற்றிச் சொல்லி, யோசித்து வரும்படி அனுப்பினார். நாள் குறித்தது புதன்கிழமை மதியம். அன்று காலை வரை அவள் யோசித்ததெல்லாம் எப்படிப் போகாமல் இருப்பது என்பதைத்தான்.

"பயமா அண்ணி? உங்களப் பிடிச்சுக் கட்ட நம்ம ரோலர் பெல்ட்டக் கழட்டித் தரட்டுமா?" என்றாள் நாத்தனார்.

"பயம் ஊசிக்கு மட்டும் இல்லடி." கறைக்கண்ணி சுவரைக் காட்டினாள். விரிப்புகளைச் சூட்டில் தேய்த்துத் தள்ளும் ரோலருக்கு மேலே, அவளே பெரிய எழுத்தில் எழுதி மாட்டியது: கறையோடு ரோலரில் விடாதே. "கறை இருக்கற துணிய சூட்டுல விட்டா என்ன ஆகும்?"

"சுட்டு ஒட்டிக்கும். அப்புறம் அந்த ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது."

"என் உடம்புல ஏற்கனவே கறை இருக்கு. அதுமேல ஊசிய ஏத்தினா அதுவும் அப்படியே நிலைச்சுப் போயிடாதா? சின்னதா இருக்கறது பெரிய வியாதியா முத்திடுச்சுன்னா? எம்பொண்ணுக்கு வயசு ஒன்பதுடி."

சலவைக் கணக்குப்படி அண்ணி சொன்னதில் ஒரு ஓட்டைகூட இல்லை. நாத்தனார் கையிலிருந்த துண்டை மூன்று முறை மடித்து மூன்று முறை பிரித்துவிட்டு, "இத என்கிட்ட கேட்டு என்ன புண்ணியம்? டாக்டரம்மாகிட்ட கேளுங்க. நானும் வரேன். நீங்க ஓடினா பிடிக்க மாட்டேன், நின்னு சிரிப்பேன்" என்றாள்.

"ஓடலேன்னா?"

"ஒரு மாசம் டிரையர் வலையில பஞ்சு எடுக்கறேன்."

அது சாதாரணப் பந்தயமில்லை. காயும் துணிகளிலிருந்து உதிர்ந்து அந்த வலையில் ஒரு நாளைக்குச் சேரும் பஞ்சில் ஒரு யானைக்கு மெத்தை தைக்கலாம்.

மருத்துவமனை அறையில் டாக்டரம்மா கேள்வியைச் சிரிக்காமல் கேட்டார். அதிலேயே கறைக்கண்ணிக்குப் பாதி உயிர் வந்தது.

"ஒட்டிக்காதும்மா. இந்த ஊசி இருக்கற வைரஸ எடுக்காது, அத முத்தவும் வைக்காது. இதுல பல வகை இருக்கு. உங்ககிட்ட இருக்கறது ஒண்ணு. இந்த ஊசி ஒன்பது வகைக்குக் காவல். இன்னும் உங்ககிட்ட வராதது வராம தடுக்கத்தான் போடறது."

"அப்ப இருக்கறது?"

"பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல உடம்பே அடக்கிடும். அடக்குச்சான்னு பாக்க, நான் சொல்ற நாள்ல பரிசோதனைக்கு வரணும். ஊசி போட்டாச்சேன்னு அத விட்டுடக் கூடாது. இன்னொண்ணு, சின்ன வயசுல போட்டா கிடைக்கற அளவு பலன் இப்பக் கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். வேணுமா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. உங்க பொண்ணுக்குத்தான் இது சரியான வயசு."

கறைக்கண்ணி கூரையைப் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்ற நாத்தனாரைப் பார்த்தாள். கறைக்கண்ணியின் முகம், தேய்த்து வைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்றாகிவிட்டது.

"அடியே, இது ரோலர் இல்ல, ஏப்ரன்! சட்டையில ஒரு கறை இருக்குன்னு ஏப்ரன் கட்டாமலா சமையல்கட்டுக்குள்ள போவோம்? இருக்கற கறையத் தனியாப் பாத்துக்கலாம். போடுங்க டாக்டர். பொண்ண வர்ற வாரம் கூட்டிட்டு வரேன்."

சொன்னது என்னவோ வீரம்தான். நர்ஸ் ஊசியை எடுத்ததும் வீரம் வாசலுக்கும் ஜன்னலுக்கும் வழி தேடியது. நாத்தனார் பல்லெல்லாம் தெரிய நகர்ந்து வழிவிட்டாள். அப்போதுதான் கறைக்கண்ணியின் பார்வை பக்கத்து நாற்காலியில் கிடந்த டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டின் பையில் போய்க் குத்தி நின்றது. நீல மை.

"டாக்டர், இதுமேல இஸ்திரி போட்டீங்களா?"

"எங்கம்மா நேரம்? துவைச்சதோட சரி."

"பிழைச்சீங்க!" கோட்டு மடிக்கு வந்துவிட்டது. நர்ஸ் இடது கையைத் துடைத்த ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும், "அந்தப் பஞ்சுல எனக்கும் நாலு குடும்மா" என்று வாங்கிக்கொண்டாள். பைக்குள் காய்ந்த பஞ்சு, மேலே ஈரப் பஞ்சு. தேய்க்கவில்லை, தேய்த்தால் பரவும். ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒத்தி, ஒத்தி, ஒத்தி. இடது கை ஈரத்துண்டு போலத் துவண்டு கிடந்தது. மை பஞ்சுக்குள் ஏறுவதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறெதுவும் இல்லை.

"முடிஞ்சுது" என்றாள் நர்ஸ்.

"இன்னும் ஒரு புள்ளி இருக்கு. ஆ, போயிடுச்சு!"

"நான் ஊசியச் சொன்னேங்க. கால் மணி நேரம் உக்காந்துட்டுப் போங்க. இன்னும் ரெண்டு தரம் வரணும்."

"ரெண்டுதானா?" என்றாள் கறைக்கண்ணி, ஏமாந்த குரலில்.

கூடத்துக்குத் திரும்பி அவள் கதையை அவிழ்த்துவிட்டதும்தான் அந்தச் சிரிப்பு. பாய்லர்காரர் சிரித்த சிரிப்பில் ஆவி வால்வே திறந்துகொண்டது. "யாரு, தொட்டி ஏறினவளா? மடிப்புக்காரம்மா, நீங்க கூடத்தான இருந்தீங்க, உள்ளதச் சொல்லுங்க!"

எல்லாக் கண்ணும் நாத்தனார்மேல் திரும்பின. அவள் டிரையரைப் பார்த்தாள். ஒரு மாதத்துப் பஞ்சு மனக்கண்ணில் மலையாக எழுந்தது. பெருமூச்சு விட்டு, ஆணியில் தொங்கிய பஞ்சு தட்டும் பிரஷ்ஷை எடுத்தாள்.

"எட்டு மாசக் கறை இல்ல, எட்டு நாள். உள்ளங்கை அகலமும் இல்ல, கட்டைவிரல் நகம் அளவு." டிரையர் வரைக்கும் போய்த் திரும்பி நின்றாள். "ஆனா ஊசி உள்ள இருக்கறப்பதான் எடுத்தாங்க. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."