மெய்த்தன்மை

"இன்னும் என்னதான் வேணுமாம் அவங்களுக்கு?" என்று கேட்டபடி அடுப்பைப் பட்டென்று அணைத்தாள் மனைவி.

வெல்டர் விசாரணைக் குழுவின் கடிதத்தை மறுபடி படித்தார். அரசுத் தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருஷ வேலை, இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர். ஃபோர்மேன் பதவிக்கான பட்டியலில் பெயர் வந்த வாரமே, அவருடைய சாதிச் சான்றிதழ் போலி என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள். பதவி உயர்வு நின்றது, விசாரணை தொடங்கியது.

"எங்கப்பாவோட பள்ளிக்கூட சர்டிபிகேட் வேணுமாம்."

"மாமாவைப் பள்ளிக்கூட வாசப்படி ஏற விட்டாங்களா, சர்டிபிகேட் இருக்கறதுக்கு?"

"அதையும் எழுதிக் குடுத்தேன். ஏற விடலைங்கறதுக்கு ஆதாரம் கேக்கறாங்க."

ஆவணம் இல்லையென்றால், நெடுநாள் பழகிய இருவர் அவருடைய சாதியை உறுதிசெய்து எழுதித் தந்தாலும் போதும் என்றது கடிதம். மறுநாள் வெல்டர் ஸ்டோர்கீப்பரிடம் போனார். இத்தனை வருஷமும் கையுறையை வெல்டரின் கையில் தராமல் மேஜைமேல் வீசியவர். கேன்டீனில் அவர் டம்ளரை ஜன்னலோரம் தனியாக வைக்கச் சொன்னவர். இவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

ஸ்டோர்கீப்பர் தாளைத் தொடாமலே படித்தார்.

"நான் சாதியெல்லாம் பாக்கறவன் இல்லப்பா. நீ என்ன ஆளுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வெல்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை.

விசாரணைக் குழுவில் ஓர் அதிகாரி அவருடைய தேய்த்த சட்டையைப் பார்த்து, "பாத்தா அப்படித் தெரியலையே" என்றார். சான்றிதழ் ரத்தானது. வெல்டர் கோர்ட்டுக்குப் போனார். தடையுத்தரவு வேலையைக் காப்பாற்றியது. பதவி உயர்வைக் காப்பாற்றவில்லை. வாய்தா மேல் வாய்தா. நீதிபதிகள் மாறினார்கள். வக்கீலின் முடி நரைத்தது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே வெல்டர் வெல்டராகவே ஓய்வு பெற்றார்; பென்ஷனை நிறுத்தி வைத்தார்கள்.

ஏழு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சான்றிதழ் மெய்யானது. பதினோரு வருஷம் ஆகியிருந்தது. மனைவி "அப்பாடா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் பட்டப்பகலில் பாயை விரித்துப் படுத்துத் தூங்கினாள்.

அடுத்த வருஷம் மகளுக்குக் குடிநீர் வாரியத்தில் பொறியாளர் வேலை கிடைத்தது. அவளுடைய சான்றிதழும் சரிபார்ப்புக்குப் போனது. ஆறு மாதமாகியும் பதில் இல்லை. தீர்ப்பு நகலோடு அப்பாவும் மகளும் குழு அலுவலகத்துக்குப் போனார்கள்.

குமாஸ்தா முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தார்.

"இது உங்கப்பா என்ன சாதின்னுதான் சொல்லுது. நீங்க என்ன சாதின்னு சொல்லலையேம்மா."

"அவரு பொண்ணு சார் நான்."

"அதைத்தான் விசாரிக்கணும். புதுசா மனு குடுங்க."

வெல்டர் படிவத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டி, பேனாவைத் திறந்தார். எந்த வரியில் என்ன எழுத வேண்டும் என்று அவருக்கு மனப்பாடம்.

மகள் அவர் கையிலிருந்து பேனாவை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்கப்பா. இது என் மனு."

சாதி என்ற இடத்தில் ஒரு சிறிய கட்டம் இருந்தது. அவள் எழுதிய எழுத்துகள் அந்தக் கட்டத்தைத் தாண்டி, 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்றிருந்த இடம் வரை போயின.