இடது பக்கப் பெட்டி

புதுச்சத்திரத்தில் தனபால் கட்டிய புது வீட்டுக் கூடத்தில் ஒருவர் தும்மினால் நான்கு பேர் தும்மியது போலக் கேட்கும். கிரானைட் தரை, இரண்டு மாடி உயரத்துக்குக் கூரை, இடது சுவர் முழுக்கக் கண்ணாடி. பார்த்தால் அரண்மனை, பேசினால் கிணறு. இருபத்திரண்டு வருடம் ரிக் வண்டியோடு ஊர் ஊராய்ப் போய் ஆழ்துளைக் கிணறு போட்ட மனுஷன், இனியாவது உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம் என்று ஆளுயர ஸ்பீக்கர் இரண்டைப் போயும் போயும் அங்கேதான் இறக்கியிருந்தார்.

ஆசைக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. ரிக் வண்டியின் கம்ப்ரசர் இரைச்சலில் அவருடைய இடது காது இரண்டு வருடமாக மங்கிக்கொண்டே வந்தது. மனைவி மதுமதியிடம்கூடச் சொல்லவில்லை. நல்ல ஸ்பீக்கராக வைத்தால் கேட்டுவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நாற்பத்தெட்டு வயதில் செவிடன் என்று பெயர் வாங்க அவருக்கு மனமில்லை.

ஸ்பீக்கர் பொருத்தச் சேலத்திலிருந்து வந்த மார்ட்டின், கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினார். ஓசை கூரை வரை போய்த் திரும்பி வந்தது.

"எக்கோ ஜாஸ்திங்க சார். கனமான திரை, கம்பளம், சோபா எல்லாம் வேணும்."

"எம் மச்சான் கோழிப்பண்ணைல முட்டை அட்டை மலையாட்டக் கெடக்குதுங்க. செவுரு பூராம் ஒட்டீரலாங்களா?"

"அதுல முட்டைதாங்க சார் நிக்கும். சத்தம் நிக்காது."

கம்பளமும் சோபாவும் வந்தன. கண்ணாடிக்குத் திரை போட்டார்கள். நடுவில் நாற்காலி போட்டு தனபாலை உட்கார வைத்துப் பாட்டைப் போட்டார் மார்ட்டின்.

"இடது பக்கம் கம்மியா இருக்குதுங்க."

மார்ட்டின் இடது ஸ்பீக்கர் பெட்டியைச் சுவரை விட்டு இரண்டடி முன்னால் இழுத்தார். அதை நாற்காலியைப் பார்த்துத் திருப்பினார். அப்போதும் பத்தவில்லை. கடைசியில் இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி வைத்தார்.

"இப்பவும் இடதுதாங்க கம்மி."

மார்ட்டின் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். காது உயரத்துக்கு ஒரு மைக்கை நிறுத்தி, லேப்டாப்பில் அளந்து பார்த்தார். "ரெண்டும் சமமா இருக்குங்க சார்" என்றார், மெதுவாக.

"உங்க மிசினு பொய் சொல்லுது!"

கோபமாகத்தான் எழுந்தார். ரிக்கில் வேலை பார்த்த வரை, அது துளையிடும்போது அதன் இரும்பில் உள்ளங்கையை வைத்தே மண் எது, பாறை எது என்று சொன்னவர் அவர். அந்தக் கையை இடது பெட்டியின் மேல் வைத்தார். மிருதங்கத்தின் ஒவ்வொரு தட்டும் கையில் அதிர்ந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. குறை பெட்டியில் இல்லை, கூடத்திலும் இல்லை.

டீயோடு வந்த மதுமதி அவருடைய வலது பக்கமாக வந்து நின்றாள்.

"ஏனுங்க, அது கேக்காதுங்க. உங்களுக்கு இந்தக் காதுதானுங்களே கேக்குது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கார்ல முன்னாடி உக்காந்தா வெயிலடிக்குதுன்னு பொறகால போயி உக்காந்தனில்லீங்க? வெயிலுமில்ல, ஒண்ணுமில்ல. இடது பக்கமிருந்து பேசுனா நீங்க திரும்பறதே இல்லீங்க."

இரண்டு வருடமாக, 'என்னை டிரைவராக்கிப்போட்டயா?' என்று அவளைக் கேலி செய்துகொண்டிருந்தார். இத்தனை நாளும் அவருடைய வலது தோளுக்குப் பின்னாலிருந்துதான் பேசியிருக்கிறாள்.

"நீ ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லலீங்களே."

வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. கண் கலங்கியதை மார்ட்டின் முன்னால் மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

"நடுவுல மதுமதி உக்காரட்டுமுங்க" என்றார் மார்ட்டினிடம். "எனக்கு ஒரு நாக்காலிய அவளுக்கு இடது பக்கத்துல போடுங்க."

பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"நாளைக்குச் சேலம் போயி காது டாக்டரப் பாத்துட்டு வந்தர்லாம். கார்ல முன்னாடியே உக்காரு."

"கேக்காதுங்களே."

"கேக்காட்டிப் போவுது. தொட்டுக் கூப்புடு."