பூட்டாத வீடு ஏரிக்கு வந்தது

“பூட்டை இழுத்துப் பாத்தீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“இழுத்த மாதிரிதான் இருக்கு.”

“மாதிரியா? அப்ப அங்க வர்றது யாரு வீடு?”

ஆலப்புழைக் கால்வாயில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சொகுசுப் படகின் மேல்தட்டில் நின்று மங்கையர்க்கரசி பின்னால் கை காட்டினாள். அவர்களுடைய திண்டுக்கல் வீடு மிதந்து வந்துகொண்டிருந்தது. மொட்டைமாடிக் கொடியில் பக்கத்து வீட்டுத் திலகத்தின் நைட்டி காய்ந்தபடி வந்தது.

“குமுளி செக்போஸ்ட்ல எப்படி விட்டாங்க?” என்றார் அவள் கணவர் தாமோதரன்.

“வீடுதானேன்னு விட்டிருப்பாங்க.”

படகோட்டி பேபிச்சன் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இது புதிதில்லை.

“பூட்டாத வீடு பின்னால வரும் சேச்சி. சீசன்ல நிறைய வரும். ஆனா அதோட ஏரிக்குள்ள போகக் கூடாது. பூட்டணும். இல்லேன்னா திரும்பணும்.”

“திரும்பிடலாம் மங்கை. அடுத்த லீவுக்கு வரலாம்.”

கல்யாணமான நாளிலிருந்து அந்த அடுத்த லீவைக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. ஏரியோ அடுத்த வளைவுக்கு அப்பால்தான் இருந்தது. தென்னைகளுக்கு நடுவே அதன் வெளிச்சம் தெரிந்தது. அவள் தோள்பையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

“பையைப் பிடிங்க.”

ஒரே தாவு. சொந்த வீட்டு வாசற்படியில் போய் நின்றாள். பூட்டு வாயைத் திறந்தபடி தொங்கியது. சாவி அதிலேயே இருந்தது. பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். சந்தேகம் தீரவில்லை. தொங்கிப் பார்த்தாள். தாமோதரன் வந்து அவளைப் பிடித்துத் தொங்கினார். பேபிச்சன் வந்து அவரைப் பிடித்துத் தொங்கினார். படகு மரியாதையாக ஓரம் நின்றது.

பூட்டு அசையவில்லை. வீடும் நின்றுவிட்டது.

மூவரும் படகேறினார்கள். வளைவு திரும்பியது. ஏரி வந்தது.

“ஏங்க! ஏங்க! பாருங்க! கரையே இல்லீங்க!”

அவள் கை தட்டினாள். தாமோதரனும் தன்னை மறந்து தட்டினார். கொக்குகள் பதிலுக்குத் தட்டின.

அப்போது பின்னால், பூட்டிய வீட்டுக்குள், குக்கர் விசிலடித்தது.

“பருப்பு,” என்றாள்.

“எத்தனை விசில்?”

“மூணு.”

இரண்டாவதும் அடித்தது.

“திறந்தா மறுபடி பின்னாலயே வரும் சேச்சி,” என்றார் பேபிச்சன்.

“சிலிண்டர் எங்கடி இருக்கு?”

“வெளிய, கொல்லைப்பக்கம். அது வரலை. ஊர்லயே நிக்குது.”

சூரியன் தண்ணீரைத் தொட இன்னும் ஒரு விரற்கடைதான் இருந்தது. மங்கையர்க்கரசி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பேபிச்சனைப் பார்த்து, “நீங்க நேரா விடுங்கண்ணே,” என்றாள்.

ஆகவே, திண்டுக்கல்லில் இதைப் படிப்பவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் தெருவில் வீடு இல்லாத இடத்தில் ஒரு சிலிண்டர் தனியாக நிற்கும். தயவுசெய்து அதை மூடுங்கள். மூடின மாதிரி இருக்கிறது என்று சொல்லாமல், மூடிவிட்டேன் என்று ஒரு வரி பதில் போடுங்கள்.