நிரப்பாத மீன்

அந்த மீட்பு ஹெலிகாப்டரில், விமானியின் ஜன்னலுக்குக் கீழே, வெள்ளை மீன்கள் வரிசையாக இருந்தன. வடகடலிலிருந்து உயிரோடு கரை சேர்த்த ஒவ்வொருவருக்கும் ஒரு மீன். ஆள் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள், மெக்கானிக் ஏணி போட்டு ஏறி வரைந்துவிடுவார். அசல் மீன் ஒரு சாண் நீளம். நாங்கள் செய்த மாதிரி ஹெலிகாப்டர், அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் மீன் எள் அளவுக்கு வந்துவிடும்.

எங்கள் துறைமுக ஊரான எஸ்பியரின் மீனவர் மன்றக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்காக அந்த மாதிரியைக் கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. மாதிரி விமானங்கள் செய்யும் எங்கள் குழு பழைய மீன் ஏலக் கூடத்தின் அடித்தளத்தில் கூடுகிறது. அங்கே எழுத்தும் குறியும் வரைகிற வேலை எப்போதும் என்னிடம்தான் வரும். நான் பல் ஆய்வகத்தில் செயற்கைப் பற்கள் செய்பவள். பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவது தெரியாது.

இந்த அளவில் வரைய, கை நடுங்காமல் இருந்தால் மட்டும் போதாது. தூரிகை நுனியில் நிற்கும் பெயிண்ட் மிகச் சிறிய துளி. அது மாதிரியின் உடலைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்துவிடும். அதனால் காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் ஒரு சொட்டு கலக்க வேண்டும். மணிக்கட்டை மரக்கட்டை மேல் சாய்த்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே கோடு இழுக்க வேண்டும். மூச்சை அடக்கினால் இதயத் துடிப்பு விரல் வரைக்கும் வந்துவிடும். அச்சடித்த ஒட்டுப்படங்கள் கடையில் கிடைக்கும்தான். ஆனால் எங்கள் ஊர் ஹெலிகாப்டரின் மீன்களை யார் அச்சடிப்பார்கள்?

தெளிவான புகைப்படம் ஒன்றுதான் கிடைத்தது. அதில் வரிசையின் கடைசி மீன் மட்டும் மங்கலாக இருந்தது. ஓரக்கோடு தெரிந்தது, உள்ளே ஹெலிகாப்டர் உடலின் அடர்பச்சை. உப்புக்காற்றில் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். மற்ற மீன்களைப் போலவே அதையும் வெள்ளையால் நிரப்பி, மேலே வார்னிஷும் பூசி முடித்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை அக்னர் பார்க்க வந்தார். அந்த ஹெலிகாப்டரின் கம்பியில் தொங்கி அலைக்குள் இறங்கி ஆட்களைத் தூக்கியவர் அவர். பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் குழுவில் சேர்ந்தார். என் பூதக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார்.

"சோல்வாய்," என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "கடைசி மீனை யாரு நிரப்பச் சொன்னது?"

"தேஞ்சு போயிருந்துச்சே."

"ஓட்டையக் கண்டா அடைக்காம விடமாட்டியே நீ. இது பல்லு இல்லம்மா. அது தேயவே இல்ல. மெக்கானிக் வரைஞ்சதே அப்படித்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெயிண்ட் தேய்ந்தால் ஓரத்திலிருந்துதான் உரியும். நடுவில் போய் ஓரம் மட்டும் நிற்காது. படத்தைப் பார்த்தவுடனே அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

"எய்னர்னு ஒருத்தர். படகு கவுந்துருச்சு," என்றார் அக்னர். "நான்தான் தூக்கினேன். மேல வந்தப்போ உயிர் இருந்துச்சு. கரை கண்ணுக்குத் தெரியுற நேரத்துல போயிட்டாரு. காப்பாத்தினோம்னு எழுத முடியல. தூக்கவே இல்லன்னும் சொல்ல முடியல. அதான் கோடு மட்டும்."

குழுத் தலைவர் விகோ காப்பிக் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றார். "எள்ளு அளவு மீன்டா அக்னர். யாரு கண்ணுல படப்போகுது? வெறுமையா விட்டா, நாம பூச மறந்துட்டோம்னு சிரிப்பானுங்க."

"தோரா கண்ணுல படும்."

தோரா எய்னரின் மனைவி. திறப்பு விழாவுக்கான கேக்குகளுக்கு அவர்தான் பொறுப்பு. அக்னர் அவரிடம் போனில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் மதியம் தோரா கேக் டப்பாவைக்கூட இறக்கி வைக்காமல் நேராக என் மேசைக்கு வந்தார். பூதக்கண்ணாடியை அவருக்கு மாட்டிவிட்டேன்.

"நிரப்பிட்டீங்க," என்றார்.

"என் தப்பு. ஆனா உங்களுக்கு எப்படி வேணும்னு கேட்டுட்டுச் செய்யலாம்னு..."

"இப்ப இருக்குறதே அழகா இருக்குன்னு சிலர் சொல்வாங்க, தோரா," என்றார் விகோ மெதுவாக. "எல்லாரோடயும் சேர்ந்து அவரும்..."

"சேரலையே விகோ." அவர் குரல் உயரவில்லை. "கடற்கரையில கல்லு நட்டு வெச்சிருக்கீங்கல்ல? கடல் எடுத்துக்கிட்டவங்க பேரெல்லாம் அதுல இருக்கு. அவர் பேர் இல்ல. ஏன்னா உடம்பு வீட்டுக்கு வந்துருச்சு. பொழைச்சவங்க கணக்குலயும் இல்ல. அந்த வெறும் மீன் ஒண்ணுலதான் அவர் இருந்தார். ஹெலிகாப்டரைப் பழைய இரும்புக்குப் போட்டப்போ அதுவும் போச்சு. நாளைக்கு இந்தப் பெட்டியப் பூட்டிட்டீங்கன்னா இதுதான் நெசம்னு ஆயிடும்."

நான் விளக்கை இழுத்து வைத்தேன்.

வெள்ளைக் கோட்டால் மீன் வரைந்து உள்ளே வெறுமையாக விடுவது இந்த அளவில் நடக்காத காரியம். மேல், கீழ் இரண்டு கோடுகளும் வாலில் ஒட்டிக்கொண்டுவிடும். வழி தலைகீழானது. முழு வெள்ளை மீன் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குள் உடலின் பச்சையால் இன்னொரு சிறிய மீனை வரைய வேண்டும். சுற்றிலும் தப்பித்து நிற்கும் வெள்ளைதான் கோடு. என் தவறு அந்த அளவுக்கு உதவியது.

பச்சைதான் சிக்கல். நான் கலந்து வைத்திருந்தது புட்டியில் காய்ந்து போயிருந்தது. புதிதாக எனாமலில் கலந்தேன். இவ்வளவு சிறிய இடத்தில் நிறம் கண்ணுக்குக் கருத்துத் தெரியும். அதனால் துளி வெள்ளை கூடுதலாக விட்டேன். வார்னிஷ் மேல் எனாமல் என்பதில் ஒரு வசதியும் உண்டு. பிசகினால் டர்பன்டைன் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம், அடியில் இருப்பதற்குச் சேதம் வராது.

முதல் முறை வால் பக்கம் பச்சை வழிந்து கோட்டைத் தின்றுவிட்டது. துடைத்தேன். மறுபடி வரைந்தபோது மீன் மெலிந்து ஊசியாகிவிட்டது. அதையும் துடைத்தேன்.

"அவர் கொஞ்சம் குண்டு," என்றார் தோரா.

அக்னர் சிரித்துவிட்டார். "எனக்கா தெரியாது? கம்பி முனகுச்சு."

தோராவும் சிரித்தார், பிறகு கையால் வாயை மூடிக்கொண்டார். நான் அவர்கள் அடங்கும்வரை காத்திருந்தேன். மேசை லேசாக அசைந்தால்கூட முடிந்தது கதை. பிறகு மூச்சை விட்டுக்கொண்டே, வயிற்றுப் பக்கத்திலிருந்து தலையை நோக்கி, ஒரே இழுப்பில் வரைந்தேன். வாலுக்கு இரண்டு சிறு தொடுகை. நிமிர்ந்தபோது என் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது.

முதுகுப் பக்கக் கோடு ஓரிடத்தில் சற்றே தடித்திருந்தது. இன்னொரு முறை செய்கிறேன் என்று பஞ்சை எடுத்தேன்.

தோரா குனிந்து பார்த்தார். "வேணாம்," என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். "துடைக்காதீங்க. ரெண்டு தடவை துடைச்சதே போதும்."

மறுநாள் காலை, பெயிண்ட் காய்ந்த பிறகு, அந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் பூசினேன். பெட்டிக்குப் பக்கத்தில் விளக்க அட்டை வைக்கலாமா என்று விகோ கேட்டார். தோரா வேண்டாம் என்றுவிட்டார்.

"கேப்பாங்களே?"

"கேக்கட்டும்."

மதியம் கூடம் நிறைந்துவிட்டது. காப்பி, கேக், ஈரக் கோட்டுகளின் வாசனை. இழுவைப் படகில் என்ஜின் பார்க்கும் தடித்த மனிதர் ஒருவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தார். பிறகு கூடத்துக்கே கேட்கும்படி கூப்பிட்டார்.

"ஏம்ப்பா விகோ, கடைசி மீனுக்கு வரும்போது பெயிண்ட் தீந்துருச்சா? சந்தா ஏத்துங்கப்பா!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். விகோவின் காது சிவந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அக்னரைப் பார்த்தேன்.

தோரா கேக் தட்டை மேசையில் வைத்துவிட்டு வந்தார். "தீரல. அது எய்னர். என் வீட்டுக்காரர்."

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. மீண்டும் குனிந்து, இந்த முறை கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, அந்த ஒரு மீனை மட்டும் பார்த்தார்.

"எந்தப் படகு?" என்றார்.

"லிஸ்பெத்."

"எங்கப்பா அதுல ஒரு பருவம் போயிருக்காரு," என்றார் அவர். சுவரோரம் கிடந்த நாற்காலியை எடுத்து வந்து தோராவுக்காகப் போட்டார். பிறகு தனக்கும் ஒன்றை இழுத்துக்கொண்டார்.