இரண்டாம் நம்பர் மைக்

பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கியதும், மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை மேலே தள்ள வேண்டும். பந்து கீப்பர் கைக்கோ களத்தடுப்பாளர் கைக்கோ போய்ச் சேர்ந்ததும் கீழே இழுக்க வேண்டும். அக்காவின் வேலை இவ்வளவுதான். ஐந்து நாள் டெஸ்ட் மேட்சில் இதையே ஏறக்குறைய இரண்டாயிரம் தடவை செய்தாக வேண்டும். மைதானத்துக்குப் பின்பக்கம் நிறுத்தியிருக்கிற ஒளிபரப்பு வண்டிக்குள் ஜன்னல் கிடையாது. யந்திரங்களுக்காக வைத்த குளிரில் மனிதர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புல்லின் நிறத்தைத் திரையில் பார்ப்பதோடு சரி. ஆனால் இரண்டு முனையிலும் ஸ்டம்புக்கு அடியில் புதைத்த மைக்குகள் அவள் காதுக்குள் முடிகின்றன. தடுத்து ஆடினால் பழைய மர அலமாரியை மூடுகிற சத்தம். ஓரத்தில் உரசினால் தீக்குச்சி. மட்டையின் நடுவில் பட்டால் சத்தமே இருக்காது. ஏதோ ஒன்று சரியாகப் பொருந்திக்கொண்ட மாதிரி ஒரு 'டக்'. எல்லை போகுமா போகாதா என்பது காமிராக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

இந்தத் தொடருக்கு இரண்டு வாரியங்களும் சேர்ந்து ஒரு விதி போட்டிருந்தன. பந்துக்கும் பந்துக்கும் நடுவில் ஆட்டக்காரர்கள் பேசுவது வெளியே போகக் கூடாது. ஃபேடர் கீழே இருந்தால் ஊருக்குக் கேட்காது. ஆனால் மைக் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமே, அதற்காக அவள் ஹெட்போனில் மட்டும் எப்போதும் கேட்கும். இருபது வருஷமாகக் கேட்கிறது. யாருக்கு முழங்கால் வலி, யார் மாமனாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை.

இது தம்பிக்குத் தெரியும். மட்டை பிடித்து நிற்கிறவன் அவள் தம்பி. க்ரீஸில் கோடு கிழிக்கிற சாக்கில் குனிந்து ஸ்டம்பிடம் பேசுவான்.

"அக்கா, சாப்ட்டியா? எங்களுக்கு இன்னிக்கும் அந்த வேகாத கோழிதான்."

அவளால் பதில் சொல்ல முடியாது. பேசுவது அவன் பக்கம் மட்டும்தான். வீட்டுக்கு வந்தால் வாயில் பசை தடவின மாதிரி உட்கார்ந்திருக்கிறவன், இருபத்திரண்டு கெஜத்துக்குள் வந்துவிட்டால் இப்படி. அவன் மனைவிகூட ஒரு தடவை கேட்டாள்: "அண்ணி, அவர் என்ன நினைக்கிறார்னு உங்களுக்காவது தெரியுமா?" தெரியும் என்று எப்படிச் சொல்வது?

ஐந்தாம் நாள் தேநீர் இடைவேளை முடிந்திருந்தது. ஜெயிக்க இன்னும் அறுபத்துநாலு ரன். கையில் இரண்டு விக்கெட். முப்பது ஓவர். தம்பி நூற்றுத்தொண்ணூறு பந்தில் ஐம்பத்திரண்டு. டீமில் அவனுக்குப் பூட்டு என்று பெயர். போட்டால் திறக்காது. எதிர் முனையில் அவனோடு ஆடுவது டீமின் வேகப்பந்து வீச்சாளன், பத்தாவதாக மட்டை பிடிக்க வந்தவன், பெயர் மிக்ஸி. காரணம் கேட்கவே வேண்டாம், எந்தப் பந்து வந்தாலும் சுற்றுவான்.

வண்டிக்குள் பகலெல்லாம் ஒரே வாக்குவாதம். டைரக்டர் பெண்ணுக்கு முப்பது வயதுதான். புதிய கோச்சின் கட்சி.

"பயமில்லாம ஆடுறதுதான் சரி. நாலு மேட்ச் ஜெயிச்சாங்களா இல்லையா? முன்னாடி யார் பாத்தா டெஸ்ட்டை? நம்ம சம்பளமே இப்போ இவங்க அடிக்கிற அடியில வருது."

"மூணு தோத்தாங்களே, அதை யார் சொல்லுவா?" என்றார் ரீப்ளேக்காரர். ரிடையராக இரண்டு வருஷம். "இதே மேட்ச்ல முதல் இன்னிங்ஸ் என்ன ஆச்சு? நூத்திநாப்பது. நான் கேண்டீன் போய்ட்டு வரேன், அஞ்சு பேர் உள்ள போய்ட்டாங்க."

"நீங்க கேண்டீன் போனா ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்கு அவங்களைக் குத்தம் சொல்லாதீங்க."

"சரிம்மா. இன்னிக்கு யார் நின்னதால மேட்ச் இன்னும் உயிரோட இருக்கு? அதைச் சொல்லு."

டைரக்டர் அக்காவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பேச்சை விட்டுவிட்டாள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அடுத்த தொடருக்கான பட்டியல் திங்கட்கிழமை வருகிறது. இந்தக் கோச்சின் டீமில் பூட்டுக்கு இடமில்லை என்று பத்திரிகைகள் ஒரு மாதமாக எழுதுகின்றன. முப்பத்தாறு வயதில் ஒரு தடவை எடுத்துவிட்டால் எடுத்ததுதான்.

அவள் யாரோடும் கட்சி சேரவில்லை. அவன் ஏன் இப்படி ஆடுகிறான் என்பது அவளுக்குத் தெரியும். அடுக்குமாடி மூன்றாம் தளத்தில் நீளமான நடை. இரண்டு பக்கமும் வீடுகள், வீட்டுக்கு வீடு கண்ணாடி வைத்த கதவு. அம்மா ஷிஃப்ட்டுக்குப் போனபிறகு தம்பியைக் கீழே விடாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அவள்தான் பந்து போடுவாள். சட்டமும் அவள் போட்டதுதான்: கண்ணாடியில் பட்டால் அவுட், அதோடு ஒரு வாரம் ஆட்டம் கிடையாது. எட்டு வயதுப் பிள்ளை பந்தைக் காலடியிலேயே சாகடிக்கக் கற்றுக்கொண்டான். பின்னாளில் அந்தத் தடுப்பாட்டத்தைப் பற்றிப் பெரியவர்களெல்லாம் என்னென்னவோ எழுதினார்கள், பொறுமை, தவம், நெஞ்சுறுதி என்று. அவள் மட்டும் பாதியிலேயே பேப்பரை மடித்து வைத்துவிடுவாள். தவமும் இல்லை ஒன்றும் இல்லை, எதிர்வீட்டுக் கண்ணாடி!

ஒரே ஒரு நாள் அடித்தான். என்ன தோன்றியதோ, வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே முன்னால் இறங்கி வந்து வீசினான். எட்டாம் நம்பர் வீட்டுக் கண்ணாடி சுக்குநூறு. அவள் முதுகில் ஒன்று வைத்தாள். அதற்குப் பிறகு அந்த முனகல் அவளுக்குக் கேட்கவில்லை. இருபது வருஷம் ஹெட்போன் போட்டும் கேட்கவில்லை.

"அண்ணா, தலையணை கொண்டுவரச் சொல்லவா?" எதிரணி கீப்பர் ஆரம்பித்துவிட்டான். அவனுக்குக் கிளி என்று பெயர், வாய் மூடாது. "இல்ல, நின்னுக்கிட்டே தூங்கிடுவீங்களா?"

"நீ பேசுறதைக் கேட்டாத்தான் தூக்கம் வருது. நிறுத்தாத" என்றான் தம்பி.

நெட்டையன் ஓடி வந்தான். எதிரணியின் வேகப்பந்து வீச்சாளனுக்கு அந்தப் பெயர். தம்பி நிற்கிற முனையின் மைக்கான இரண்டாம் நம்பர் ஃபேடரை அவள் மேலே தள்ளினாள். பாதி ஓட்டத்தில் தம்பி கையை உயர்த்திவிட்டான். எதிரே, பந்து கண்ணுக்குத் தெரிய வைத்திருக்கிற வெள்ளைத் திரைக்குமுன் யாரோ ஐஸ்கிரீமோடு நடந்து போகிறார்கள். நெட்டையன் முணுமுணுத்துக்கொண்டு திரும்பி நடந்தான். இந்த வேலையில் ஒரே ஒரு கண்ணி உண்டு. கை பழகியிருப்பது பந்து முடிந்ததும் இழுக்க. இங்கே பந்து முடியவும் இல்லை, தொடங்கவும் இல்லை. கை அங்கேயே நின்றது. மிக்ஸி மட்டையைச் சுழற்றிக்கொண்டு தம்பி பக்கம் வந்து, ஸ்டம்புக்கு அருகிலேயே நின்றான்.

"அண்ணா, மாடியில பாருங்க. கோச் கையைக் காட்டுறார். அடிக்கச் சொல்றார்."

"பாத்தேன்."

"அப்போ அடிங்களேன். பயமா?"

"பயம்தான். டீ நேரத்துல என்னைத் தனியாக் கூப்பிட்டு என்ன சொன்னார் தெரியுமா? பயமில்லாம ஆடு, இல்லன்னா அடுத்த தொடர்ல நீ இல்லன்னார். பயமில்லாம ஆடுன்னு ஒருத்தனைப் பயமுறுத்தினா, அவன் எப்படிடா ஆடுவான்?"

மிக்ஸி சிரித்தான். "என்கிட்ட அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லலையே. நான் தைரியசாலின்னு தெரிஞ்சிருக்கு."

"நீ தைரியசாலியெல்லாம் இல்ல. உனக்கு வேற வேலை இருக்கு. அவுட் ஆனா உள்ள போய் காலை நீட்டி உக்காருவ, அடுத்த மேட்ச்ல பந்து போடுவ. எனக்கு இது ஒண்ணுதான் வேலை."

"அக்கா!" டைரக்டர் எழுந்தே நின்றுவிட்டாள். "ரெண்டாம் நம்பர் திறந்திருக்கு! எல்லாம் போகுது!"

அக்கா ஃபேடரை வெடுக்கென்று கீழே இழுத்தாள். விரல் நகம் பிளந்தது. ரீப்ளேக்காரர் மெதுவாக, "பதினெட்டு செகண்ட்" என்றார், யாரும் கேட்காமலே.

"ரிப்போர்ட் எழுதணும்க்கா" என்றாள் டைரக்டர். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "நான் எழுதலன்னா வேற யாராவது எழுதுவாங்க."

"எழுதும்மா. என் தப்பு."

வேலை போனால் போகட்டும், அது ஒரு பக்கம். திங்கட்கிழமைப் பட்டியலில் நூலளவு இருந்த இடத்தையும் அக்காவே கத்தரித்துவிட்டாளே. அன்றைக்கு முதுகில் வைத்தாள், இன்றைக்கு இப்படி. நாலாம் நம்பர் காமிரா மாடியைக் காட்டியது. கோச் முன்னால் சின்ன டிவி. காதில் கருவி. மனிதர் கேட்டுவிட்டார். முகம் பலகை மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மாற்று ஆட்டக்காரன் ஒருவன் கையுறைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினான்.

ஃபேடர் தரையோடு தரையாக இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள், அதுவாகவே எழுந்துவிடும் போல. ஹெட்போனில் பூட்ஸ் சத்தம் நெருங்கியது.

"அண்ணா, நீங்க பேசினது டிவியில வந்துடுச்சு. முழுசா."

கையுறையின் பட்டையைப் பிரிக்கிற சத்தம்.

"கோச் என்ன சொன்னார்?"

"மைக் பக்கத்துல பேச வேணாம்னு சொல்லச் சொன்னார்."

"வேற?"

"கையுறை குடுக்கச் சொன்னார். வேற ஒண்ணும் சொல்லலண்ணா. அடின்னும் சொல்லல, நில்லுன்னும் சொல்லல. நான்கூடத் திரும்பக் கேட்டேன். போடான்னுட்டார்."

பூட்ஸ் சத்தம் விலகியது. தம்பி குனிந்தான். மட்டை நுனி மண்ணைக் கீறுகிற ஓசை, காதுக்குள்ளேயே கீறுகிற மாதிரி.

"அக்கா. கண்ணாடி உடைஞ்சிடுச்சு போல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழாத. நீ அழுவ, எனக்குத் தெரியும். டீமுக்கே தெரிஞ்சு போச்சு, ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இனிமே உடைய என்ன இருக்கு?" நிமிர்ந்தவன் மறுபடி குனிந்தான். "மூக்கைச் சிந்திட்டு வேலையைப் பாரு. அவன் ஓடி வரப்போறான்."

நெட்டையன் ஓடி வந்தான். ஃபேடரை ஏற்றினாள். அலமாரிக் கதவு மூடியது. பழைய மாதிரியே ஒரு தடுப்பு. டைரக்டர் பெருமூச்சு விட்டாள். அடுத்த பந்தும் அலமாரிக் கதவு. மூன்றாவது பந்து கொஞ்சம் குட்டையாக விழுந்தது. 'டக்.' அவ்வளவுதான் கேட்டது. காமிராக்கள் தேடுவதற்குள் பந்து எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போய்விட்டது.

"பூட்டு திறந்துடுச்சுப்பா" என்றார் ரீப்ளேக்காரர்.

அப்படியும் சொல்ல முடியாது. அடுத்த ஓவர் முழுக்கத் தடுத்தே நின்றான். அதற்கடுத்த ஓவரில் இறங்கி வந்து தலைக்கு மேலே தூக்கினான். பந்து விழுந்த இடத்தில் ஆள் இல்லை, ஒரு கெஜம் தள்ளி விழுந்திருந்தால் கதை முடிந்திருக்கும். மிக்ஸிக்கோ என்ன ஆயிற்றோ தெரியவில்லை, சுற்றுவதை விட்டுவிட்டு ஒரு ஓவர் முழுக்கக் கட்டையைப் போட்டான். "என்னடா, உடம்பு சரியில்லையா?" என்று கிளி கேட்டதற்கு, "எனக்கும் இது ஒண்ணுதான் வேலைன்னு வெச்சுப் பாக்குறேன்" என்றான். ஒன்று, இரண்டு, ஒன்று, நாலு என்று அறுபத்துநாலு தேய்ந்துகொண்டே வந்தது. இன்னும் முப்பது ரன் இருக்கும்போது மிக்ஸி அவுட்டானான். பாவம், தடுக்கப் போய்த்தான் ஓரத்தில் பட்டது. தீக்குச்சி உரசினதுமே அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாத்தீங்களா, அவன் வழக்கம்போலச் சுத்தியிருக்கணும்" என்றாள் டைரக்டர்.

"அவன் நின்னதாலதான் இவ்வளவு தூரம் வந்தது" என்றார் ரீப்ளேக்காரர். குரலை உயர்த்தவில்லை. இரண்டு பேருக்குமே இப்போது தெம்பு இல்லை. கடைசி ஆளை எதிர்முனையில் ஒளித்து வைத்துக்கொண்டு தம்பி ஒவ்வொரு ஓவரிலும் கடைசிப் பந்தில் ஒற்றை ரன் திருடினான்.

இன்னும் ஐந்து ரன். மூன்று ஓவர். ஒரு விக்கெட். நெட்டையனிடமே பந்து போனது. எதிரணி கேப்டன் எல்லோரையும் எல்லைக்கு அனுப்பாமல், ஸ்டம்பைச் சுற்றி நிற்க வைத்தான். வீடு வீடாகக் கதவு வைத்த மாதிரி சுற்றிலும் ஆட்கள். கிளிகூட வாயை மூடிக்கொண்டிருந்தான். மாடியில் கோச் எழுந்து நின்று, இரண்டு கையையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். கை எதையும் காட்டவில்லை.

"அக்கா" என்றது காதுக்குள் குரல். "இந்தத் தடவை திறந்தே வை. இதைக் கேக்கட்டும்."

"அக்கா, ஓடி வர்றான்" என்றாள் டைரக்டர். இது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் சொன்னாள்.

பிளந்த நகத்தோடு ஃபேடரை மேலே தள்ளினாள். தூரத்தில் பூட்ஸ் சத்தம் பெரிதாகிக்கொண்டு வந்தது. அதற்குக் கீழே, முதலில் மின்சார இரைச்சல் என்றுதான் நினைத்தாள், கேபிளைக்கூடத் தொட்டுப் பார்த்தாள். இரைச்சல் இல்லை. வாய்க்குள் ஒரு முனகல், ராகம் என்று சொல்ல முடியாதது, மூன்றாம் தளத்து நடையில் கண்ணாடி உடைந்த அன்றைக்குக் கேட்டது. திரையைப் பார்க்காமல், வெளியே போகிற சத்தத்தின் அளவைக் காட்டும் மானியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுத்துக் கிடந்த கட்டங்களில் கீழிருந்து ஒரு பச்சை விளக்கு எரிந்தது, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று.