மெதுவாக மின்னிய ஸ்டார்

எங்கள் குளத்தூர் சபைக்குக் கிறிஸ்துமஸ் ஸ்டார் செய்து தருவது பக்கத்து வீட்டு ஸ்ரீஜித் அண்ணன். அவர் கும்பிடுவது அம்மனை. ஆனாலும் டிசம்பர் பிறந்தால் எங்கள் ஆலய முற்றமே கதி என்று கிடப்பார். எல்.இ.டி. மின்னும் வேகத்தை ஒரு சின்னச் சிப்பில் புரோகிராம் எழுதிப் போடுவார். படபடவென்று மின்னினால்தான் ஸ்டார் போட்டியில் பரிசு என்று வாலிபர் சங்கத்துக்கு நினைப்பு.

எனக்கோ விளக்கு அப்படி மின்னினால் ஃபிட்ஸ் வந்துவிடும். அது அம்மாவுக்கு மட்டுமே தெரியும். பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இதை யார் வெளியே சொல்வார்கள்? வருடா வருடம் ஏதாவது சாக்குச் சொல்லி, முற்றத்தில் நடக்கும் கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனைக்குப் போகாமலே இருந்தேன். பாட்டென்றால் எனக்கு உயிர். இந்த வருடம் தனிப்பாட்டு எனக்கு என்று ஆயர் அறிவித்ததும், பொறுக்க முடியாமல் அண்ணனிடம் போய்க் கொட்டிவிட்டேன்.

அவர் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தார். விளக்கு காத்திருக்கும் நேரத்தில் ஐம்பது மில்லிசெகண்டை அழித்து இரண்டாயிரம் என்று அடித்தார்.

"ரெண்டு செக்கண்டு எரியும், ரெண்டு செக்கண்டு அணையும். இது போருமா மக்கா?"

மேசையில் எல்.இ.டி. நிதானமாக எரிந்து அணைந்தது. முகத்தைத் திருப்பாமல் பார்த்தேன். நன்றி சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

ஆராதனை அன்று சாயங்காலம் நடுவர்கள் முற்றத்துக்கு வந்தார்கள். சங்கத் தலைவன் ஜிஜோ குதித்தான்.

"அண்ணா, ஸ்டாரு ஒறங்குதே! பக்கத்து ஊரு காரோட்டு சபைக்காரன் கைகொட்டிச் சிரிப்பான்."

"எனக்க தப்பாக்கும். நேரம் கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜிஜோ விடவில்லை. ஒரு டிஸ்கோ லைட்டைத் தூக்கிவந்து பிளக்கைச் செருகப் போனான். அண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் என்று கேட்டும் விடவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, என் மேலேயே. ஒரு மனிதர் எனக்காக இத்தனை பேச்சு வாங்குகிறார், நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறேன். மைக்கை எடுத்தேன்.

"லைட்டு வேண்டாம் ஜிஜோ. எனக்கு ஃபிட்ஸ் உண்டு. ஸ்டாரு எனக்காகவாக்கும் மெதுவா மின்னுது. அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல."

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். ஜிஜோ வயரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினான்.

"பாடு ஜெஸ்னாக்கா," என்றான்.

பரிசு காரோட்டு சபைக்குப் போனது. போகட்டும். நான் ஸ்டாருக்கு நேராக நின்று, அது எரிந்தபோதும் அணைந்தபோதும் கண்ணை மூடாமல் பாடினேன்.