லாவா, உனாவா

ரேடியோ கரகரத்தபோது மிரேயா உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். விரல் நுனி துருவியில் உரசியது. கையை உதறக்கூடத் தோன்றவில்லை. "...லாஞ்சா தென்பட்டிருக்கிறது, தெற்கு முனைக்கு அருகே..." என்றார் அறிவிப்பாளர். அதற்கு முன்னும் பின்னும் வெறும் இரைச்சல். இரைச்சல் அடங்கியபோது அவர், பசு கன்று போட்டுவிட்டது என்று யாரோ தன் தம்பிக்கு அனுப்பிய செய்தியை நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

புயலில் கைபேசிக் கோபுரம் சாய்ந்ததிலிருந்து சிலோயே தீவின் இந்தக் கரைக்கு ரேடியோதான் கதி. நண்டு பிடிக்கக் கடலுக்குப் போன அவள் கணவன் ரெனே, புயல் ஓய்ந்தும் திரும்பவில்லை.

"கேட்டியா பொண்ணே! 'லா லாஞ்சா'ன்னான்!" மாமியார் ஓர்பெலினா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "நம்ம படகுதான். எல்லாரும் தேடுற படகு."

பக்கத்து வீட்டு டெல்மிரா மாத்தே தேநீர்க் கிண்ணத்தை உதட்டிலிருந்து எடுத்தாள். "என் காதுல 'உனா லாஞ்சா'ன்னு விழுந்துச்சு."

லா, உனா என்ற அந்த இரண்டு தாய்மொழிச் சொற்களையும் மிரேயா பள்ளியில் கற்கவில்லை. பேச ஆரம்பித்த நாளிலிருந்து நாக்கில் இருப்பவை. எது எங்கே வரும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இன்று யோசித்தாள். லா என்றால் அந்தப் படகு. ஊரே பெயர் சொல்லித் தேடும், ஆட்களோடு வரும் படகு. உனா என்றால் ஏதோ ஒரு படகு. பெயர்ப்பலகை உடைந்து, யாருடையது என்று சொல்ல உள்ளே ஆளில்லாமல் கவிழ்ந்து மிதப்பதற்குத்தான் உனா போடுவார்கள்.

"அது லாஞ்சாவோட லா, ஓர்பெலினா. அதுக்கு முன்னாடி இன்னொரு லா இருந்துச்சா?"

"இருந்துச்சு. ரெண்டு லா! பாதிரியார் பூசை முடிச்சு வீட்டுக்குப் போன அப்புறமும் முட்டி போட்டுக்கிட்டு இருந்தவதானே நீ? உன் காதை நம்பச் சொல்றியா?"

"என் காது மந்தம்னே வச்சுக்கோ. உன் காதுக்குப் புள்ளைப் பாசம்."

மிரேயாவுக்குச் சிரிப்பு வந்தது. துருவியைக் கீழே வைத்தாள். இருவரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நீ சொல்லு. உனக்கு என்ன கேட்டுச்சு?" என்றாள் ஓர்பெலினா.

இரைச்சலின் ஓரத்தில் 'னா' என்று ஏதோ தேய்ந்ததுபோல் இருந்தது. அது ரேடியோவின் இருமலாகவும் இருக்கலாம். ரெனே கிளம்பும்போது கதவருகே நின்று காலுறை கேட்டதும், எடுத்துத் தராமல் "கண்ணில்லையா" என்று தான் சிடுசிடுத்ததும் நினைவுக்கு வந்தன.

"லாதான் அத்தே."

ஓர்பெலினா அவளையே பார்த்தாள். "பொய் சொன்னா உனக்குக் கழுத்து செவந்துடும்," என்றாள் மெதுவாக. கோபமில்லை. ஆணியில் தொங்கிய கம்பளிப் போர்வையை எடுத்துப் பாதியைத் தன் தோளிலும் மீதியை மருமகள் தோளிலும் போட்டாள். "வா. ரேடியோக்காரன் திருப்பிப் படிக்கிற வரைக்கும் என்னால உக்கார முடியாது."

"மழை பெய்யுது ஓர்பெலினா!" டெல்மிரா கத்தினாள். பிறகு அவளும் முணுமுணுத்துக்கொண்டே காலணியைத் தேடினாள்.

கடலோர மேட்டில் காற்று போர்வையைப் பறிக்கப் பார்த்தது. சாம்பல் நிறக் கடலில் தெற்கு முனையருகே மஞ்சளாக ஏதோ ஏறி இறங்கியது. இந்தக் கரையில் எல்லாப் படகுக்கும் மஞ்சள்தான் அடிப்பார்கள். யாராவது ஓட்டி வருகிறார்களா, அலை தள்ளிக்கொண்டு வருகிறதா என்று தெரியவில்லை.

"என் கண்ணுக்கு எட்டலை," என்றாள் ஓர்பெலினா. அவள் விரல்கள் மிரேயாவின் மணிக்கட்டை இறுக்கின. "என்ன தெரியுது? சொல்லு பொண்ணே."

மிரேயா வாயைத் திறந்தாள். மழைத்துளி நாக்கில் உப்புக் கரித்தது. மஞ்சள் ஒரு பெரிய அலைக்குப் பின்னால் இறங்கியது. வெகுநேரம் இறங்கியே இருந்தது. பிறகு, கவிழாமல், மூக்கை நிமிர்த்திக்கொண்டு, மறுபடி மேலே ஏறியது.